தோளில் தூக்கிப் பார்த்த பலகை

ஒகேனக்கல்லில் பல்லாண்டுகள் பரிசல் ஓட்டிய எனக்குக் ஆற்றைப் போலவே கடலும் எளிதுதான் என்னும் எண்ணம் இருந்தது. சென்ற கோடையில், சென்னையில் வசிக்கும் என் மகள், நின்றபடியே துடுப்புப் போட்டுச் செல்லும் பலகையில் பழகுவதற்காகக் கடற்கரைக்கு என்னை அழைத்துச் சென்றாள்.

"அப்பா, அலை எகிறுதுங்க. அந்த அகலமான பலகைய எடுங்க," என்றாள்.

"பரிசலத் தோள்ல தூக்கிப் பாத்துதாம்மா எடுப்போம். அது எரும கனம் கனக்குது!" என்று கூறி, தோளுக்கு இலகுவாயிருந்த ஒடுக்கமான பலகையையே தேர்ந்தெடுத்தேன்.

கரையைத் தாண்டியதும் பக்கவாட்டில் வந்த சிற்றலையொன்று பலகையை உருட்டிவிட்டது. உப்புநீர் மூச்சையடைக்க, கரையிருக்கும் திசையே தெரியாமல் தவித்தேன். பலகையோடு என் கணுக்காலைப் பிணைத்திருந்த கயிற்றை இழுத்து, பலகையைப் பற்றியதாலேயே உயிர் பிழைத்தேன்.

கரை சேர்ந்ததும் மகள், "என்னங்கப்பா, இப்ப எரும மேல ஏறலாமுங்களா?" என்றாள்.

ஏறினேன். அகன்று தடித்த அப்பலகை அலைக்கு ஆடியதேயன்றிக் கவிழவில்லை. முதலில் மண்டியிட்டேன்; பின்னர் நிமிர்ந்து நின்றேன்.

இப்போதெல்லாம் எந்தப் பலகையையும் முழங்காலளவு நீரில் இட்டு, அதன்மேல் நின்று, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்த பின்னரே கடலுக்குள் செல்கிறேன். கனத்தைப் பற்றிக் கவலையில்லை. தூக்கும்போது மறுமுனையை மகள் பிடித்துக்கொள்கிறாள்.