மாஸ்டர் கழற்றாத கோட்டு

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தால் எனக்குப் பிடிக்காது. "இல்லை அக்கா, இப்ப வெளிக்கிட்டிடுவன்" என்பார்கள். போவது போகலாம், அதுவரை கோட்டு ஏன் உடம்பில் என்று நானே வாங்கி மாட்டிவிடுவேன். பாரிஸின் புறநகரான லெ பிளாங்-மெனிலில் எங்கள் வீட்டு வாசலில் அதற்காகவே வரிசையாகக் கொக்கிகள் அடித்து வைத்திருக்கிறோம். முதல் கொக்கி மட்டும் விருந்தாளிகளுக்குக் கிடையாது. அதில் முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஒரு பழைய பழுப்புக் கம்பளிக் கோட்டு தொங்குகிறது. அதன் இடது பை கிழிந்து, கறுப்பு நூலால் கோணல்மாணலாகத் தைக்கப்பட்டிருக்கும். தைத்தவள் நான்தான். அந்தத் தையலைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு.

எண்பதுகளில் நாங்கள் பாரிஸில் லா சப்பலுக்கும் ஸ்டாலின்கிராடுக்கும் நடுவில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் குடியிருந்தோம். நான் புதுச்சேரிக்காரி, தபால் நிலையத்தில் வேலை. என் கணவர் யாழ்ப்பாணத்தவர், அப்போது ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பையன்கள் சேர்ந்து நடத்திய கால்பந்து அணிக்கு அவர்தான் கோல்கீப்பர். ஒரு ஞாயிறு மாலை முற்றத்துக் குழாயில் சேற்றுச் சப்பாத்தைக் கழுவும்போது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்பானியர் கத்திக்கொண்டு வந்தார். முற்றம் முழுவதும் சேறு. திட்டி முடித்துவிட்டு, எத்தனை கோல் வாங்கினாய் என்று கேட்டார். ஏழு என்றார் என் கணவர். மனிதர் திட்டியதை எல்லாம் மறந்துவிட்டு, ஏழும் எந்தப் பக்கமிருந்து வந்தன, முன்னால் யார் நின்றது என்று துருவித் துருவிக் கேட்க ஆரம்பித்தார். அடுத்த ஞாயிறு அந்தப் பழுப்புக் கோட்டோடு மைதானத்தில் நின்றார். அதற்கடுத்த ஞாயிறு அவரே பயிற்சியாளர். பையன்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே பழகிவிட்டோம்.

அவருடைய பிரெஞ்சு பாதி ஸ்பானியம். பையன்களுடைய பிரெஞ்சு சமையலறையைத் தாண்டாது. எனவே மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. கால்பந்து பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. குளிரில் கோட்டு, கம்பளித் தொப்பி, சால்வை எல்லாம் சுற்றிக்கொண்டு மைதானத்து ஓரம் நிற்பேன். இடைவேளையில் மாஸ்டர் முகம் சிவக்க, கைகளை வீசி, தாய் தகப்பன் வரை இழுத்துப் பேசுவார். நான் தமிழில், "மாஸ்டர் கொஞ்சம் வருத்தப்படுகிறார்" என்பேன். இவ்வளவு நீளப் பேச்சு தமிழில் இத்தனை சிறிதாகிவிடுமா என்று அவருக்கு ஒரு சந்தேகம் கடைசிவரை இருந்தது.

உடை மாற்றும் குடிலில் ஆளுக்கொரு ஆணி அடித்திருந்தார்கள். மாஸ்டர் மட்டும் கோட்டைக் கழற்றியதே இல்லை. வெயில் அடித்தாலும் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். ஒருநாள் பேருந்துக்குக் காத்திருந்தபோது காரணத்தைக் கேட்டேன். சிரித்தபடிதான் சொன்னார். ஸ்பெயினில் மூன்றாம் பிரிவிலும் அதற்குக் கீழேயும் ஒன்பது ஊர்களில் அவர் பயிற்சியாளராக இருந்திருக்கிறார். ஒலிவ எண்ணெய் ஊர், சுரங்க ஊர், மீன் நாறும் துறைமுகம், நகரத் தந்தையின் மகன் ஓடத் தெரியாமலே முன்வரிசையில் ஆடிய ஒரு மலையூர். ஒன்பதிலும் ஆட்டப் பருவம் முடியுமுன் அனுப்பிவிட்டார்கள். ஓரிடத்தில் மதுக்கடைப் பணியாளிடம் சொல்லியனுப்பினார்களாம். இன்னோரிடத்தில் பயிற்சிக்குப் போனால் கதவுக்குப் புதுப் பூட்டு. முதல் ஊரில்தான் மிக மோசம். கொட்டுகிற மழையில், இடைவேளையிலேயே போகச் சொல்லிவிட்டார்கள். கோட்டு கழக அறைக்குள் தொங்குகிறது, சாவி வைத்திருந்தவரைக் காணவில்லை. சட்டையோடு நனைந்துகொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்திருக்கிறார். "அன்றிலிருந்து நான் கிளம்பத் தயாராகவே நிற்கிறேன், மதாம்" என்றார். பிறகு பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, "ஒரே ஒரு பருவத்தை முதலிலிருந்து கடைசிவரை முடித்துப் பார்க்க ஆசை. ஜெயிக்கக்கூட வேண்டாம்" என்றார்.

எங்கள் அணியில் அந்த ஆசை நிறைவேறும் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை. தோல்விக்கு மேல் தோல்வி. காரணத்தை மாஸ்டர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். பின்வரிசையில் நடுவே பெரியண்ணை என்று எல்லோரும் அழைக்கும் ஒருவர் ஆடினார். நாற்பதைத் தாண்டியவர், ஊரில் பள்ளிக்கூட அணிக்குத் தலைவராக இருந்தவர், தங்கமான மனிதர். பந்து யார் காலுக்கு வந்தாலும் அது பெரியண்ணையிடம் போய்விடும். எதிரியின் கோலுக்கு முன்னால் நிற்கிறவன்கூடத் திரும்பி அவரைத் தேடுவான். அவர் காலில் பந்தைக் கொடுக்காமல் தானே அடிப்பது மரியாதைக் குறைவு என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாஸ்டர் என்னிடம், "அந்த நரைத்த தலைக்காரர் கழகத்தின் முதலாளியா?" என்று கேட்டார். இல்லை, வயதில் மூத்தவர் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மார்ச் மாதம் ஒருநாள் பெரியண்ணையை வெளியே உட்காரவைத்துவிட்டார். பையன்கள் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபடியே ஆடி, ஒன்பது கோல் வாங்கினார்கள்.

அந்த வாரம் லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், கூட்டம் நடந்தது. அணியின் தலைவர் பொதுவில் சாந்தமானவர், அன்று கொதித்துக்கொண்டிருந்தார். "பெரியண்ணையை வெளியிலை இருத்திற ஆள் எங்களுக்கு என்னத்துக்கு? மாஸ்டரை வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவம்."

"எனக்காக ஒண்டும் செய்யாதேங்கோ" என்றார் பெரியண்ணை.

யார் கேட்டார்கள்? வெள்ளிக்கிழமை மாலை எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மாஸ்டர் வீட்டுக்கே போய் முறையாகச் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. இப்படியான விஷயத்துக்கு மூத்தவர் ஒருவர் இல்லாமல் போகக்கூடாதாம். எங்களிடம் இருந்த ஒரே மூத்தவர் பெரியண்ணைதான். ஆக, யாருக்காக நீக்குகிறார்களோ அவரையும் இழுத்துக்கொண்டு தலைவரும் என் கணவரும் கிளம்பினார்கள். சொல்லவேண்டிய வாக்கியம் மட்டும் என் வாயிலிருந்து வரவேண்டும். "நீர்தான் வடிவாச் சொல்லுவீர்" என்றார் என் கணவர். நானா? அந்த மனிதரின் ஆசை எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டடத்துக்கு வரும் தபாலைப் பிரித்துக் கொடுப்பவரும் அவர்தான், மறுநாள் காலை அவர் கையால்தான் எங்கள் கடிதங்களை வாங்கவேண்டும். நாலு மாடி இறங்குவதற்குள் வாக்கியத்தை நாலு விதமாக மாற்றிப்பார்த்தேன், எதுவும் நன்றாக இல்லை.

கதவைத் திறந்த மாஸ்டர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்பது ஊர் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவையா? உள்ளே போனார். திரும்பி வந்தபோது பழுப்புக் கோட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார், தன் சொந்த வீட்டுக்குள்.

மாஸ்டரின் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். எங்களைப் பிடித்து உட்காரவைத்துத் தட்டு வைத்துவிட்டார். அது அவர்களையும் என்னையும் போன்ற கத்தோலிக்கருக்கு ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம், வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. கொண்டைக்கடலையும் கீரையும் பூண்டு போட்டுச் சமைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாத பெரியண்ணைக்குத் தப்பிக்க அந்த வழியும் அடைபட்டது. ஆவி பறக்கும் தட்டுகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஏன் சாப்பிடாமல் இருக்கிறார்கள்?" என்று மாஸ்டர் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"பெரியவர் இன்னும் தொடங்கவில்லை."

பெரியண்ணை முதல் வாய் எடுத்துவைத்த பிறகுதான் மற்ற கரண்டிகள் அசைந்தன. ரொட்டிக் கூடை மேசையின் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் முதலில் அவரிடம் போயிற்று. தண்ணீரும் அப்படியே. கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு மாஸ்டர் கூடை போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து பெரியண்ணையின் தட்டைத் தூக்கினார். மேசையின் மறுகோடியில், சன்னலோரம் வைத்து, அங்கே போய் உட்காரச் சொன்னார். என்னவோ ஏதோ என்று பயந்து அவரும் போய் உட்கார்ந்தார். மாஸ்டர் ரொட்டிக் கூடையைத் தலைவர் கையில் கொடுத்தார். தலைவர் யோசிக்காமல் என் கணவரிடம் நீட்ட, என் கணவர் என்னிடம் நீட்ட, நான் சன்னலோரம் நீட்டினேன். மாஸ்டர் மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை இவர் அங்கேதான் ஆடுவார். எல்லோருக்கும் முன்னால், எதிரியின் கோலுக்குப் பக்கத்தில்."

அதை அப்படியே தமிழில் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

"முன்னுக்கோ? எனக்கு ஓட ஏலாது" என்றார் பெரியண்ணை.

"ஓடவேண்டாம். நின்றால் போதும். பந்து தேடி வரும்" என்றார் மாஸ்டர். பிறகு கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சரி மதாம். நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லுங்கள்."

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் வழித்துச் சாப்பிட்ட தன் தட்டைப் பார்த்தார். அது இரண்டாம் தரம் வாங்கிய தட்டு. "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யேலாது, பிள்ளை" என்றார் தாழ்ந்த குரலில். "வேறை ஏதாவது சொல்லும்."

"கடலை மிகவும் நன்றாக இருந்தது" என்றேன்.

மாஸ்டர் கோட்டின் மேல் பொத்தானை மட்டும் கழற்றினார். இத்தனை ஊரில் நீக்க வந்த ஒருவரும் தன் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று பிற்பாடு சொன்னார்.

அந்த ஞாயிறு பந்து ஒழுங்காக முன்னால் போயிற்று. மரியாதை அதே மரியாதைதான், திசை மட்டும் மாறியிருந்தது. பெரியண்ணை நின்ற இடத்தில் நின்று ஒரு கோல் போட்டார். பையன்கள் எல்லோரும் ஓடிவந்து மாஸ்டரைப் பிடித்துத் தொங்கியதில் கோட்டுப் பை கிழிந்தது. தைத்துத் தருகிறேன், கழற்றுங்கள் என்றேன். அப்போதும் கழற்றவில்லை. உடம்பில் இருந்தபடியே, ஆட்டத்தைப் பார்த்துத் துள்ளுகிற மனிதரைப் பிடித்து நிறுத்தித் தைத்தேன். பிறகு தையல் எப்படி நேராக வரும்?

நாங்கள் கோப்பை ஒன்றும் வாங்கவில்லை. கடைசிக்கு முந்திய இடத்தில் முடித்தோம், அதுவே எங்களுக்கு மலை. மே மாதத்துக் கடைசி ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. நடுவர் விசில் ஊதியதும் மாஸ்டர் நேரே குடிலுக்குள் போனார். பின்னால் போனேன். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அவருக்கு ஆணி இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்த பெரியண்ணை, கதவோரம் முதல் ஆணியில் தொங்கிய தன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இஞ்சை கொளுவுங்கோ மாஸ்டர்" என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. அவசியம் இருக்கவில்லை.

எல்லோரும் போனபின் பார்த்தால் கோட்டு அப்படியே தொங்குகிறது. எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினேன். வெறும் சட்டையோடு, காற்று வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். "அங்கேயே இருக்கட்டும் மதாம். செப்டம்பரில் வரத்தானே போகிறேன்" என்றார். திரும்பிப் போய் மாட்டிவிட்டு வந்தேன். மனசு அப்படி நிறைந்திருந்தது.

பிறகு பல செப்டம்பர்கள் அவரோடு போயின. குடிலை இடித்தபோது கோட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. மாஸ்டர் ஓய்வுபெற்று ஸ்பெயினுக்குப் போனபோது கொடுத்தேன், வாங்கவில்லை. இப்போது மகள் வீட்டில், மிகவும் வயதாகி, காது மந்தமாகி இருக்கிறார். புது வருஷத்துக்குத் தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுவார். என் கால் வலி, என் கணவரின் சர்க்கரை, அந்த ஊர் மழை எல்லாம் பேசி முடித்த பிறகு, குரலை உயர்த்திக் கேட்பார்.

"கோட்டு தொங்குகிறதா?"

"முதல் கொக்கியில்தான் தொங்குகிறது, மாஸ்டர்."

"அப்படியென்றால் சரி. என்னை இன்னும் நீக்கவில்லை."