கிட்டுசாமி அண்ணனின் பதக்கப் பட்டியல்

சுவிட்சர்லாந்தில் ஒலிம்பிக் ஆபீசில் சிவப்பு நிறத்தில் ஒரு டெலிபோன் இருக்கிறது. பதக்கக் கணக்கில் குழப்பம் வந்தால் அதை எடுத்து அவர்கள் பேசுவது திருப்பூர் வீரபாண்டியில் நாங்கள் டீ குடிக்கிற பேக்கரிக்கு. கிட்டுசாமி அண்ணன் தலையாட்டிய பிறகுதான் மேடையில் கொடி ஏறும். ஓட்டக்காரன் ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்கிற முதல் கேள்வி, "கிட்டுசாமி என்னங்கறாரு?" என்பதுதான்.

இதைக் கிளப்பிவிட்டவன் நான். பேக்கரியில் எல்லோரும் சிரித்தார்கள். கிட்டுசாமி அண்ணன் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. டீயை உறிஞ்சிவிட்டு, "நம்பர அவங்களுக்கு நீயாடா குடுத்த?" என்றார்.

அவர் பொங்கலூர்ப் பக்கத்து ஆள். கிணறு வற்றியதும் இருபது வருடம் முன்னால் ப்ளீச்சிங் பட்டறைக்கு வந்தவர். பழுப்பாக வரும் பனியன் துணியைக் காஸ்டிக்கில் வேகவைத்து, பிறகு அசிட்டிக் ஆசிட் விட்டு அந்தக் காரத்தை முறித்து, வெள்ளையாக்கி அனுப்புவது வேலை. எத்தனை கிலோ உள்ளே போயிற்று, எத்தனை கிலோ வெளியே வந்தது என்று எழுதிவைக்கிற ஆளும் அவர்தான். நான் அதே பட்டறையில் எடுபிடி. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் பதினேழு மார்க் வாங்கியதும் பள்ளிக்கூடமும் நானும் மரியாதையாகப் பிரிந்துவிட்டோம்.

இரண்டாயிரத்தெட்டு ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக். அதற்கு ஒரு மாதம் முன்பே பேக்கரியில் சண்டை தொடங்கிவிட்டது. பூபாலன் அண்ணன் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட் ஆள். அவர் அமெரிக்கா கட்சி.

"மொத்தப் பதக்கம் யாருக்கு அதிகமோ அவன்தான் மாப்ள மொதல்ல," என்பார் பூபாலன். "நூறு பீஸ் தெச்சா நூறுக்குத்தான கூலி?"

"அந்த நூறுல கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் எத்தனைன்னு சொல்லு. தங்கம்தான் எக்ஸ்போர்ட்டு. மத்ததெல்லாம் காதர்பேட்டைல கிலோவுக்குப் போடற சரக்கு," என்பார் கிட்டுசாமி அண்ணன்.

"வெள்ளி வாங்குனவன் கேட்டா உன்னைய ஒதைப்பான்."

"வெள்ளி வாங்கறதுக்கு நம்மூருல ஆளிருந்தா வந்து ஒதைக்கட்டும். வாங்கிக்கறேன்."

இந்தியா என்று வந்துவிட்டால் மட்டும் கிட்டுசாமி அண்ணன் குரல் இறங்கிவிடும். நூறு கோடிப் பேர், ஒரு தங்கம் கிடையாதா என்பார். பூபாலன் அண்ணன் அதற்கென்றே காத்திருந்து, "நம்மாளுக கொடியப் புடிச்சுட்டு ஒரு ரவுண்டு நடப்பாங்க மாப்ள. அதுக்குக் குடுக்கச் சொல்லு," என்பார். மாலை ஏழு மணிவரை போகும். டீக்காசு கொடுப்பது யார் என்பதில் அடுத்த சண்டை.

போட்டி தொடங்க மூன்று நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. கரண்ட் கட். துணியைச் சுழற்றுகிற வின்ச் தொட்டி நின்றுவிட்டது. காஸ்டிக் டப்பாவை நகர்த்தும்போது மூடி பிடுங்கிக்கொண்டு, காரம் கிட்டுசாமி அண்ணன் முகத்தில் அடித்தது. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவரே சொன்னார்:

"அசிட்டிக் ஊத்துங்கடா. சீக்கிரம்."

எங்களில் ஒருவனுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. துணியில் காரம் ஏறினால் அசிட்டிக் விட்டுத்தானே முறிக்கிறோம். தினமும் செய்கிற வேலை. அரை மக்கு கலக்கி எடுத்து ஓடியவன் நான். ஊற்றியதும் நானே.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், குடிக்கிற தண்ணீர்க் குடத்தையாவது கவிழ்த்திருக்கலாமே என்று கேட்டார். மூலையில் இரண்டு குடம் இருந்தது. யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டு நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே அறை லைன் வீடு. அவரும், அவர் வீட்டுக்காரம்மா வேலாத்தாள் அக்காவும் மட்டும். பிள்ளை இல்லை. அக்கா பனியன் கம்பெனிச் செக்கிங் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். வேலைக்குப் போகுமுன் தினமும் நான் போய்ப் பேப்பர் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் திங்கட்கிழமை சாயங்காலம் பட்டறையிலிருந்து ஓடிப்போய்ச் சொன்னேன். துப்பாக்கி சுடுவதில் இந்தியாவுக்குத் தங்கம். நிஜம். அவர் எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த சுவரை இரண்டு தட்டுத் தட்டினார்.

"பூபாலன் என்ன சொன்னான்?"

"வாயத் தொறக்கலீங்ணா."

"கட்டு அவுத்ததும் மொதல்ல அந்தப் பையன் போட்டோவப் பாக்கோணும். பேப்பரப் பத்தரமா வெச்சுக்க."

அடுத்த இரண்டு நாள் இந்தியாவுக்கு ஒன்றுமில்லை. நானும் ஒன்றுமில்லை என்றே படித்தேன். புதன்கிழமை அவர் சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி, "வேற என்ன போட்டிருக்கான்?" என்றார். வேறென்ன, கரண்ட் கட், டாலர் விலை, கரூர் பக்கம் லாரி கவிழ்ந்தது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே அவரை உட்காரவைத்துவிட்டு, அக்காவையும் என்னையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார் டாக்டர். இடது கண் போய்விட்டது என்றார். வலது கண்ணில் பார்வை வர வழியில்லை, பகலா இராத்திரியா என்று தெரிந்தால் அதுவே பெரிது என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, "நீ சொல்லு கண்ணு. எனக்கு வாய் வராது. நல்லதா எதாச்சும் சொல்லு," என்றார்.

பஸ்ஸில் வரும்போது சொன்னேன். "ஒலிம்பிக் முடிஞ்ச மக்யாநாள் கட்டு அவுப்பாங்களாமுங்ணா. மொதல்ல பொகையாட்டத் தெரியுமாம். அப்பறம் தெளிஞ்சுருமாம்."

அவர் கேட்டது ஒன்றுதான். "ரெண்டுமா?"

"ரெண்டுமுங்ணா."

அதே சூட்டில் இந்தியாவுக்கு வில்வித்தையில் ஒரு தங்கமும் கொடுத்துவிட்டேன். கடைசி அம்புக்கு முன்னால் கொரியாக்காரிக்குத் தும்மல் வந்துவிட்டது என்றேன். அன்று வீட்டுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டார்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. டிவியில் தெரிந்துவிடும் என்று கேபிள் வயரைப் பிடுங்கி, எலி கடித்துவிட்டது என்று சொன்னேன். அடுத்த வாரம் படகுப் போட்டியில் ஒரு தங்கம். மல்யுத்தத்தில் நிஜமாகவே வெண்கலம் வந்தது, அதைத் தங்கம் ஆக்கினேன். குத்துச்சண்டையில் வந்த வெண்கலத்தை மட்டும் அப்படியே விட்டேன். எல்லாவற்றையும் நாமே அள்ளினால் சந்தேகம் வரும். அவர் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்பார். எதிராளி எந்த நாடு, எத்தனை பாயிண்ட், காற்று எந்தப் பக்கம். பட்டறையில் துணி புரட்டிக்கொண்டே மறுநாளைக்கான பதில்களை யோசித்து வைத்திருப்பேன்.

பூபாலன் அண்ணன் பார்க்க வருகிறேன் என்றதும் பயந்து, தெருமுனையிலேயே மறித்து விஷயத்தைச் சொன்னேன். கண் விஷயத்தையும்தான். சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். பிறகு அரை டஜன் சாத்துக்குடியோடு உள்ளே போனார்.

"வாடா அமெரிக்கா," என்றார் கிட்டுசாமி அண்ணன். "நாலு தங்கம். இப்பச் சொல்லு, கொடி புடிச்சு நடக்கறவங்களா?"

"இல்ல மாப்ள. நீ சொன்னதுதான் சரி."

"தங்கத்தத்தான் எண்ணோணும்?"

"ஆமா. தங்கத்தத்தான் எண்ணோணும்."

"அப்ப மொத்தத்துல அமெரிக்கா மொதல்ல இருக்கறது?"

"அதெல்லாம் செகண்ட்ஸ் மாப்ள. நீ ஒடம்பப் பாத்துக்க."

பத்து நிமிடம்கூட உட்காரவில்லை. வெளியே வந்து சைக்கிளை உருட்டிக்கொண்டே வெகுதூரம் போனார், ஏறவில்லை. உள்ளே கிட்டுசாமி அண்ணன் ஒரு சாத்துக்குடியைக் கையில் உருட்டிக்கொண்டு இருந்தார். உரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டி முடிந்தது. மறுநாள், கட்டு அவிழ்ப்பார்கள் என்று நான் சொல்லியிருந்த திங்கட்கிழமை, பேப்பரில் முழுப் பட்டியல் வந்திருந்தது. ஐம்பத்தைந்து நாட்டுக்குத் தங்கம். அக்கா அடுப்பில் உலை வைத்திருந்தார்.

"தங்கம் மட்டும் படி," என்றார் கிட்டுசாமி அண்ணன். "கடசி வரைக்கும்."

சீனா ஐம்பத்தொன்று, அமெரிக்கா முப்பத்தாறு என்று தொடங்கினேன். ஒரு தங்கத்தோடு கீழே கிடந்த இந்தியாவை மேலே தூக்கி, நாலு தங்கத்தோடு செருகிப் படித்தேன். அவர் கட்டைவிரல் மற்ற விரல் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பெயர் தெரியாத நாடுகள் வந்தபோது நான் திக்கினேன், அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசி நாட்டைப் படித்து முடித்ததும் கை நின்றது.

"முந்நூத்தி அஞ்சு வருது," என்றார்.

"இருக்குமுங்ணா."

"மொத நாளே படிச்சயே, போட்டி மொத்தம் முந்நூத்தி ரெண்டுன்னு. நூறு கிலோ துணி உள்ள போனா தொண்ணூத்தஞ்சு வரும், தொண்ணூத்தாறு வரும். கொறையும் கண்ணு. எந்தத் தொட்டியிலயும் கூடி வந்து நாம் பாத்ததில்ல."

பேப்பரில் தப்பாகப் போட்டிருப்பான் என்றேன். ஒரே பந்தயத்தில் இரண்டு பேருக்குத் தங்கம் கொடுத்திருப்பார்கள் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இந்தியாவுக்கு ஒண்ணுதான?"

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"ஒண்ணு வந்ததே பெருசு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "பூபாலன் வந்தப்பவே தெரியும். பதினஞ்சு வருசமா எங்கூட மல்லுக்கு நின்னவன், அன்னைக்கு நாஞ் சொன்னதுக்கெல்லாம் ஆமாம் போட்டுட்டுப் போனான். எழவு ஊட்டுல பேசறாப்புல பேசுனான். இந்தியா செயிச்சதுக்கு அவன் எதுக்கு அப்புடிப் பேசறான்?"

உலை கொதித்தது. அக்கா அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் நின்றார்.

"தங்கத்துல மூணு சேத்திச் சொல்லியிருக்கற. செரி. டாக்டர் சொன்னதுல எத்தன சேத்துன?"

நான் தலையைத் திருப்பினேன்.

"அவளப் பாக்காத," என்றார் கிட்டுசாமி அண்ணன். "என்னையப் பாத்துச் சொல்லு."