கலங்கரை விளக்கமும் கம்மலும்

அப்போது எனக்கு எட்டு வயது. மாடிப்படி ஏறினாலே கால் நடுங்கும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்த வருஷந்தான் பெரியப்பா இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. பெரியம்மா திருவண்ணாமலையில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். பேசமாட்டாள். நாலு இடம் பார்த்தால் மனசு மாறும் என்று அப்பா எங்களைத் திருக்கழுக்குன்றம் கூட்டிப்போனார். அப்படியே மகாபலிபுரமும் காட்டினார்.

அங்கே பாறைமேல் வெள்ளைக்காரன் காலத்துக் கலங்கரை விளக்கம். கருங்கல் கட்டடம். சாயங்காலம் கொஞ்ச நேரம் ஆட்களை மேலே விடுவார்களாம். நான் ஏறிப் பார்க்கிறேன் என்றாள் பெரியம்மா. ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் வாய் திறந்தது அப்போதுதான். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

காதில் இருந்த கம்மலைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள்.

"மேல காத்து ஜாஸ்தியாம். நீயே வெச்சிக்கோ."

திருகாணி வைத்த கம்மல். எந்தக் காற்றுக்கும் கழன்று போகாது. அது எனக்கே தெரியும்.

அம்மா கையிலிருந்த கம்மலைப் பார்த்தாள். தம்பி அவள் இடுப்பில் இருந்தான். சட்டென்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"இவளையும் கூட்டிட்டுப் போக்கா."

"அவ பயப்படுவாடி."

"பயப்படட்டும்."

நான் அழுதேன். அம்மா குனிந்து என் காதில் சொன்னாள்.

"பெரியம்மா கைய வுடாத. என்ன ஆனாலும் வுடாத."

உள்ளே இருட்டில் சுற்றுப்படி. கண்ணை மூடிக்கொண்டே ஏறினேன். மேலே காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா விளக்கைக் கும்பிடப் போனாள். அது எரியவில்லை.

"அணைச்சிட்டீங்களா?"

"பகல்ல எதுக்கும்மா?"

"எங்க ஊர்ல கார்த்திகைக்கு மலைமேல ஏத்தினா பகல்லயும் எரியுங்க."

"அது சாமிக்கு. இது கப்பலுக்கும்மா. ராத்திரிலதான் அதுக்கு வழி தெரியாது" என்று சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை.

சின்னக் கதவில் குனிந்து வெளியே போனோம். காற்று அறைந்தது. கீழே அப்பா, அம்மா, துணிப்பை எல்லாம் ஒரே அளவாகத் தெரிந்தன. பாவாடையிலேயே மூத்திரம் போய்விட்டது. பெரியம்மா கம்பியில் வயிறு அழுந்த நின்றாள். கடலைப் பார்க்கவில்லை. நேர் கீழே பாறையைப் பார்த்தாள்.

"கைய வுடுடி."

விடவில்லை.

"வுடுன்றேன்ல. உள்ள போய் நில்லு."

இரண்டு கையாலும் பிடித்தேன். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்றால் பிடித்தேன். என் நகம் பட்டு அவள் கையில் ரத்தம் வந்தது. அவளைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை. நான் விழக்கூடாது, அவ்வளவுதான்.

எவ்வளவு நேரமோ. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஈரத்தோடவா நிக்கிற பாப்பா?"

உட்கார்ந்து முந்தானையால் என் காலைத் துடைத்தாள். இரண்டு காலையும் துடைத்தாள். வா, போகலாம் என்றாள்.

கீழே வந்தோம். அம்மா கம்மலைத் தானே பெரியம்மா காதில் போட்டுவிட்டாள். திருகாணி இரண்டு தரம் கீழே விழுந்தது. அப்பா என் பாவாடையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பஸ்ஸில் பெரியம்மா தூங்கிய பிறகு அம்மா கேட்டாள்.

"வுட்டியாடி?"

"வுடல."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் விழாமல் வந்துவிட்டேன் என்று அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.