போரை அறிவிப்பது யார்

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ என்ற ஊரில், ஞாயிறு பூஜை முடிந்ததும் கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் நான் குடியுரிமைத் தேர்வுக்குப் பாடம் எடுப்பேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அமெரிக்க அரசியல் சட்டத்தையே சொல்லிக்கொடுக்கிறேன் என்ற கர்வம் எனக்கு உண்டு.

அன்றைக்குப் போர் பற்றிய கேள்வி. படைகளுக்குத் தலைவர் ஜனாதிபதி. ஆனால் போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு, அதாவது இந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு. ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது என்றுதான் பிரித்து வைத்தார்கள் என்றேன். புளியோதரை சாப்பிட்டபடியே எல்லோரும் தலையாட்டினார்கள்.

நாமக்கல் ஆன்ட்டி மட்டும் ஆட்டவில்லை. அவருடைய மகன் கம்ப்யூட்டர் படிக்காமல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தவன். வெளியில் கேட்டால் "கவர்ன்மென்ட்ல இருக்கான்" என்பார். அந்த வாரம் அவன் கப்பலைச் சண்டைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ஏங்கண்ணு, அப்ப காங்கிரஸ்ல எப்ப ஓட்டுப் போட்டாங்க?"

போடவில்லை. ஜனாதிபதிகள் முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு சொல்வது நெடுநாள் வழக்கம். அதைச் சொன்னால் என் பாடம் பொய்யாகிவிடும் போலிருந்தது.

"அதெல்லாம் டெஸ்ட்ல வராது ஆன்ட்டி. காங்கிரஸ்னு சொல்லுங்க, போதும்."

"ஆபீசர்கிட்ட ஆர்க்யூ பண்ணிடாதீங்க, கிரீன் கார்டையும் புடுங்கிடுவாங்க," என்று ஒரு அங்கிள் சொல்ல, கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஆன்ட்டி தனியாக வந்தார். நம் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்குப் போன் செய்து, ஓட்டெடுப்பு நடத்தச் சொல்லிக் கேட்கலாமா, நான் பேசித் தருவேனா என்றார். இங்கேயே நிரந்தரமாகத் தங்க நான் போட்ட கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது; என் பெயர் எங்கேயும் அடிபடக் கூடாது. முதலில் சிட்டிசன் ஆகுங்கள், அப்புறம் பண்ணலாம் என்றேன். அவர் அதையும் பாடமாகவே எடுத்துக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்துத் தேர்வில் தேறி, குடியுரிமை உறுதிமொழி எடுத்த மறுநாளே ஆன்ட்டி என் வீட்டுக்கு வந்துவிட்டார். உறுப்பினரின் அலுவலகத்தை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன். அலுவலகப் பெண் பொறுமையாகவே பேசினாள். சண்டையை நிறுத்தச் சொல்லும் தீர்மானம் போன மாதமே ஓட்டுக்கு வந்து தோற்றுவிட்டதாம். எங்கள் உறுப்பினரே அந்தத் தீர்மானத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டாராம். அதற்கு முன்பே அழைத்திருக்கலாமே, தொகுதியில் குடியிருந்தால் போதும், சிட்டிசனாக இருக்க வேண்டியதில்லை என்றாள்.

ஆன்ட்டிக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும்.

போனை என் பக்கம் நகர்த்தினார். "பையன் இன்னும் அங்கதான் இருக்கான்னு சொல்லு கண்ணு," என்றார்.

சொன்னேன். குறித்துக்கொள்கிறேன், அழைப்பது யார் என்று கேட்டாள் அவள். ஆன்ட்டியின் பெயரை மட்டும் சொன்னேன்.