இடப்பக்கச் சூடு

எப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோனபோது என் மனைவியின் கருமாதி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று அரசாங்கம் பார்த்துக் கொடுக்கிற சான்று அது. அவள் இருந்திருந்தாலும் செத்திருந்தாலும் அதற்குத் தேதி தேதிதான். எனக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எதிலுமே ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதா என்று தெரியாதே, அந்த மாதிரி ஆள் முழுக்க இருந்தேன்.

மலைமேல் பூம்பாறையிலிருந்து பூண்டும் கேரட்டும் கீழே இறக்குகிற சின்ன லாரி என்னுடையது. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்த பிறகு, வீட்டில் தனியாக என்ன செய்ய என்று மனைவியும் லோடோடு ஏறிக்கொள்ள ஆரம்பித்தாள். இடப்பக்கத்து சீட் அவளுடையது. சும்மா உட்கார்ந்து வரமாட்டாள். நான் ஹாரன் அடித்தால் ஏன் அடித்தீர்கள், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை. ஆனால் ஒரு வேலையை மட்டும் முழுசாக எடுத்துக்கொண்டாள். ஹப்பைத் தொட்டுப் பார்க்கிற வேலை.

சக்கரத்துக்கு நடுவில் இருப்பது ஹப். அதற்குள்ளேதான் பேரிங். மலை இறக்கத்தில் பிரேக் சூடு அதில் ஏறும். பேரிங் இறுகிப் போனாலும் ஏறும். கவனிக்காமல் விட்டால் கிரீஸ் உருகி ஓடி, பேரிங் பிடித்து, சக்கரம் நின்றுவிடும். வளைவில் நின்றால் அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. அதனால் எங்கே நிறுத்தினாலும் இறங்கி ஹப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவள். வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வரும்.

"பச்சத்தண்ணிங்க."

சூடு இல்லை என்றால் பச்சத்தண்ணி. இளஞ்சூடு என்றால் குளிக்கிற தண்ணி. கை வைக்க முடியவில்லை என்றால் காப்பித்தண்ணி. அப்படி ஒரு கணக்கை அவளே வைத்திருந்தாள். "சூடா இருக்கா இல்லையா, அதச் சொல்லு" என்று எரிந்து விழுவேன். "சூட்டுல எத்தனையோ இருக்கு, ஒங்களுக்கு ஒண்ணுதான் தெரியும்" என்பாள். கொஞ்ச நாளில் நானும் அப்படித்தான் சொல்ல ஆரம்பித்திருந்தேன். லீவுக்கு வந்து எங்களோடு நெருக்கி உட்கார்ந்து வரும் மகளுக்கும் அந்தப் பேச்சு தொற்றிக்கொண்டது.

மனைவி காய்ச்சல் என்று படுத்தாள். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடப்பக்கத்து சீட்டில் அவள் திரும்பி வரவில்லை. நான் அழவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறான் பார் என்று ஊரில் என் காதுபடவே சொன்னார்கள். வந்தவர்களுக்கு டீ கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் மட்டும் விடவில்லை.

"வண்டிய வித்துட்டு இங்க வந்துருங்கப்பா. அம்மா கூட இருந்தவரைக்கும் எனக்குப் பயமில்ல. தனியா அந்த ரோட்டுல எப்பிடி விட்டுட்டு நான் தூங்குறது?"

"எப்.சி.க்கு விட்டுப் பாக்கேன். பெயில்னா வித்துருவோம்" என்றேன்.

வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னதுதான். சொன்ன பிறகு அதுவே பேச்சாகிவிட்டது. வண்டி போனால் எனக்குப் பூம்பாறையில் ஒரு சோலியும் இல்லை. மகள் வீட்டு மாடியில் உட்கார்ந்து துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அது பிடிக்கவில்லை என்பது மட்டும் மரத்துப்போன மனசுக்கும் தெரிந்தது.

வெள்ளனே கிளம்பிக் கீழே போய் வரிசையில் வண்டியைப் போட்டேன். பிரேக் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், வேலையில் சுத்தமானவர். லைட், ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கச் சொன்னார். இடது சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினார். டக், டக் என்றது.

"ஆட்டம் இருக்குங்க, பெரியவரே. பேரிங்க அட்ஜஸ்ட் பண்ணிட்டு மதியத்துக்குள்ள கொண்டாங்க, பாத்துத் தாரேன்."

பெரியவரே என்றது எனக்குப் பிடிக்கவில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டு வண்டியைப் புளியமரத்து நிழலுக்கு நகர்த்தினேன்.

அது நானே செய்கிற வேலைதான். ஹப் மூடியைக் கழற்றி, நட்டு கழன்றுவிடாமல் குத்தியிருக்கும் பின்னை இழுத்தேன். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினேன். ஒரு கட்டத்தில் சக்கரம் சுற்ற மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். அங்கிருந்து நட்டைக் கொஞ்சம் பின்னால் திருப்பிவிட வேண்டும். சூடேறினால் பேரிங் விரிய அந்த இடம் வேண்டும். திருப்பிவிட்டு ஆட்டிப் பார்த்தேன். இல்லாத ஆட்டம் இருக்கிற மாதிரியே கைக்குத் தெரிந்தது. மறுபடி டக் என்றால் வண்டி போச்சு. முழுக்க இறுக்கிப் பின்னைக் குத்தினேன். மலை ஏறுமுன் அடிவாரத்துக் காட்ரோடு ஊரில் நிறுத்தித் தளர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் மறுபடி ஆட்டினார். சத்தம் இல்லை. "இப்ப சரி, எடுத்துட்டுப் போங்க" என்றார். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம். மத்தியானம் சாப்பிட்டோமா இல்லையா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை.

காட்ரோட்டில் நிறுத்தினேன். டீ குடித்தேன். ஏறி ஓட்டினேன். நட்டு ஞாபகமே வரவில்லை.

மலை ஏறும் வழியில் டம்டம் பாறையில் வழக்கம்போல் இறங்கினேன். வலது முன் ஹப்பைத் தொட்டேன், பின் ஹப்பைத் தொட்டேன். இரண்டும் பச்சத்தண்ணி. கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எதற்கு நிற்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. ஒரு ஆள் அந்தப் பக்கம் இரண்டு சக்கரத்தையும் பார்த்துவிட்டுக் குரல் கொடுக்கிற நேரம் நின்றேன். பிறகு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

அடுத்து ஊத்து என்கிற ஊரைத் தாண்டியதும் கிரீஸ் கருகுகிற வாடை வந்தது. ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. ஏற்றத்தில் பிரேக் சூடு கிடையாது. சூடென்றால் அது பேரிங்தான். மலையோரமாக ஒதுக்கி, கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, முன்னால் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனேன். அவள் போனதிலிருந்து நான் அந்தப் பக்கத்து ஹப்பைத் தொட்டதே இல்லை என்பது அந்த நடையில்தான் உறைத்தது. இத்தனை நாளும் பாதி வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முன் ஹப்பில் புகை லேசாக வந்துகொண்டிருந்தது. கண்ணால் பார்த்த பிறகும் உள்ளங்கையை வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

"காப்பித்தண்ணி" என்று சத்தமாகச் சொன்னேன்.

வண்டிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. சட்டைப் பையில் போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தேன்.

"எத்தன தடவப்பா கூப்புடுறது? பாஸா பெயிலா?"

"பாஸும்மா."

"அப்பறம் ஏன் கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"அம்மா பக்கத்த யாரும் பாக்கலம்மா."

"என்னப்பா சொல்றீங்க?"

"அம்மா பக்கத்த நான் பாக்காம விட்டுட்டேன். காப்பித்தண்ணியாக் கெடக்கு."

சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. துக்க வீட்டில் வராதது, ரோட்டோரத்தில், பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கப் பார்க்க வந்தது. வெட்கமாகவும் இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. மகள் வண்டியை விற்பதைப் பற்றிக் கேட்கவில்லை.

"கைய எடுத்துட்டீங்களாப்பா?" என்றாள்.

"எடுத்துட்டேன்."

நட்டைத் தளர்த்த வேண்டுமென்றால் ஹப் ஆற வேண்டும். நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டும், நடுநடுவே எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். குளிக்கிற தண்ணி ஆனதும் சொன்னேன். போனில் மகள் ம் என்றாள். பச்சத்தண்ணி ஆகும்வரை அவள் போனை வைக்கவில்லை.