யோம் கிப்பூருக்கு உடுத்திய வெள்ளைப் புடவை

இந்த மலையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கூடாது, கேட்டால் பயந்துவிடுகிறார்கள். ஜவ்வாது மலைக்கு நர்சாக வந்த முதல் வருடமே, எழுபதுகளின் நடுவில், அதைத் தெரிந்துகொண்டேன். கொச்சியில் எங்கள் யூதர் தெருவில், பாவமன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூருக்கு முன்தினம் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுச் சிரித்துப் பேசிவிட்டு வருவோம். அந்தப் பழக்கத்தில் பக்கத்து வீட்டுக் காசியம்மாவிடமும் கேட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாங்க நர்சம்மா, எதுக்கு இப்டிப் பேசுறீங்க?"

விளக்க நேரமில்லை, பொழுது சாய்ந்தால் நோன்பு தொடங்கிவிடும். உண்மையில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் திருப்பத்தூரில் வேலை பார்த்த என் கணவர் ஏலியா. சொந்தக்காரர்கள் எல்லாரும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், நாமும் போகலாம் என்றார். மாட்டேன் என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். கோபித்துக்கொண்டு மலை இறங்கியவர் திரும்பவில்லை. மனிதரிடம் கேட்காத மன்னிப்பைக் கடவுள் தரமாட்டார் என்பது எங்கள் நம்பிக்கை. நோன்பு முடிவதற்குள் அவரைப் பார்க்காவிட்டால்?

மறுநாள் வெள்ளைப் புடவை, வெறுங்கால், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத நோன்பு. பிரார்த்தனைப் புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வந்தது. காசியம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஊர்ப் பெண்கள் வந்து, ஒன்றும் கேட்காமல் என்னைச் சுற்றி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடடா, சொல்லாமலே நம் நோன்பைப் புரிந்துகொண்டார்களே என்று நெகிழ்ந்துபோனேன்.

பொழுது இறங்கும் நேரம். காசியம்மாவின் புருஷன் கோவிந்தன் முன்னால் வர, பின்னால் வெள்ளை வேட்டியில் ஏலியா! பெண்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள். வெள்ளைப் புடவையில் அழுத என்னைப் பார்த்து, புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று முடிவுகட்டித் துக்கத்துக்கு வந்திருக்கிறார்கள். விசாரித்து வரச் சொல்லிக் கோவிந்தனையும் காலை பஸ்ஸில் திருப்பத்தூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். இஸ்ரேலில் இருக்கும் என் சொந்தங்களே, சிரிக்காதீர்கள்.

"சார் நல்லாத்தான் கீறாருன்னு நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அதான் கையோட இட்டுனு வந்தேன்" என்றார் கோவிந்தன்.

எங்கள் விதிப்படி நோன்பன்று வண்டி ஏறாத மனிதர் ஏலியா. நான் அழுதுகொண்டே இருப்பதாகக் கேட்டதும், எனக்கு என்ன ஆயிற்றோ என்று ஏறிவிட்டாராம். எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் கேட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. முதலில் அந்தப் புடவையை மாற்றச் சொல்லிக் காசியம்மா திட்டினாள்.

அடுத்த வருடம் ஜெருசலேமில் இருப்போம் என்று சொல்லித்தான் நோன்பை முடிப்போம். இருவரும் மேற்கே பார்த்துச் சொன்னோம். அர்த்தம் கேட்ட காசியம்மாவின் முகம் வாடிவிட்டது.

"அப்போ போய்டுவீங்களா?"

ஏலியா என்னைப் பார்த்தார். "வருஷா வருஷம் இப்படித்தான் சொல்லுவோம்மா" என்றார்.

இன்றும் மேற்கே பார்த்து அதையே மனதாரச் சொல்கிறோம். சொல்லி முடித்ததும், காசியம்மா வீட்டுக்குச் சாமைக் கஞ்சி குடிக்கப் போகிறோம்.