மெத்தைக்கு அடியில் வைத்த பிளேடு

அவர் சிறைக் காவலர். இருபத்தொன்பது வருடம் ஒரே சிறையில் வேலை. இடுப்பில் எந்நேரமும் சாவிகள் குலுங்கியதால் கைதிகள் ‘கொத்துச்சாவி’ என்று பெயர் வைத்தார்கள். அது எப்படியோ மதில் தாண்டி அவர் குடியிருந்த தெருவுக்கும் வந்து சேர்ந்தது. பால் ஊற்றுகிறவர்கூட, “கொத்துச்சாவி வீடு தானே?” என்றுதான் கேட்பார்.

புதிதாக வருகிறவர்களைப் பதிவேட்டில் எழுதுவது அவர் பொறுப்பு. பாதிப் பேரிடம் எதையும் கேட்க வேண்டியதே இல்லை. முகத்தைப் பார்த்ததும் அப்பா பெயர், மச்சம் இருக்கும் இடம் எல்லாம் தானாக எழுத வரும். “என்னடா, மாமியார் வீடு மாதிரி வந்துட்டே இருக்க?” என்பார். சைக்கிள் திருடி வந்தவன் அடுத்த தடவை மோட்டார் சைக்கிள் திருடி வருவான். அதற்கடுத்த தடவை கடையை உடைத்துவிட்டு வருவான். மூன்றாம் பிளாக்கை அவரே ‘காலேஜ்’ என்பார். பூட்டு உடைப்பதில் பெயர்பெற்ற ஒருவன் அங்கே இருந்தான். எல்லோருக்கும் அவன் ‘வாத்தியார்’. உள்ளே போட்டால் ஆள் திருந்துவானா என்ற கேள்விக்கு அவரைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லை.

மனைவி போன பிறகு அவருக்கு எல்லாமே மகள்தான். அவள் பள்ளி வேன் ஓட்டினாள். ஒரு பிற்பகல் வேனைப் பூட்டிவிட்டு நடந்து வந்தபோது, பைக்கில் வந்த ஒருவன் அவள் தோள்பையைப் பிடித்து இழுத்தான். வார் கையில் சிக்கிக்கொண்டது. பத்தடி தூரம் இழுபட்டு, நடைபாதைக் கல்லில் முகம் மோத விழுந்தாள். இடது கண் போயிற்று. பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கு இரண்டு கண்ணும் வேண்டும் என்று உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள்.

பிடிபட்டவன் பஞ்சர் கடையில் வேலை பார்த்தவன். பட்டப்பெயர் டியூப். வயது இருபத்து மூன்று. முதல் குற்றம், மூன்று வருடத் தண்டனை. அவனைக் கொண்டுவந்து சேர்த்தது இந்தச் சிறையில்தான். காயம்பட்டவள் தன் மகள் என்று சொல்லியிருந்தால் வேறு சிறைக்கு அனுப்பியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. மகள் மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டாள் என்றே உடன் வேலை செய்கிறவர்களிடம் சொல்லியிருந்தார்.

“வாடா ராசா, உனக்காகத்தான் காத்திட்டிருந்தேன்” என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவன் பெயரை எழுதினார். புதியவர்களுக்கான முதல் பிளாக்கில் இடம் இருந்தும் அவனை மூன்றாம் பிளாக்குக்கு அனுப்பினார். அவனுடைய அம்மா இரண்டு பஸ் மாறிப் பார்க்க வந்தாள். “லிஸ்ட்ல உங்க பேரு இல்ல, அடுத்த மாசம் வாங்க” என்று நான்கு முறை திருப்பி அனுப்பினார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போவதைப் பார்க்கும்போது அவர் வயிறு குளிர்ந்தது.

ஆறு மாதம் கழித்து நன்னடத்தை அதிகாரி ஒரு பட்டியலோடு வந்தாள். முதல் தடவை தப்பு செய்த பன்னிரண்டு பேரை வெளியே அனுப்பி பஸ் டிப்போவில் வேலை செய்ய வைப்பது, தினமும் சாயங்காலம் அவளிடம் கையெழுத்து, யாருக்குக் கெடுதல் செய்தார்களோ அவர்கள் சம்மதித்தால் நேரில் உட்கார்ந்து பதில் சொல்வது. இதுதான் திட்டம். காவலர் நடத்தைச் சான்று கொடுத்தால் போதும். பட்டியலில் ஏழாவது பெயர் டியூப்.

“நல்லவங்களா பாத்து எடுத்திருக்கீங்க மேடம்” என்றார் அவர். மறுநாள் சோதனைக்குப் போனபோது ஒரு பிளேடைச் சட்டைப்பையில் எடுத்துப் போனார். டியூப்பின் மெத்தைக்கு அடியில் அவரே வைத்தார், அவரே கண்டுபிடித்தார். “சத்தியமா என்னோடது இல்லைங்க ஐயா!” என்று அவன் காலைப் பிடித்தான். அவர் காலை உதறிக்கொண்டார். பட்டியலிலிருந்து ஏழாவது பெயர் போயிற்று.

டிப்போவுக்குப் போன பதினொரு பேரில் ஒருவன் மட்டும் ஒரு செல்போனைத் திருடித் திரும்பி வந்தான். மற்ற பத்து பேரின் முகத்தை அவர் அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை. டியூப் முழுத் தண்டனையும் மூன்றாம் பிளாக்கில் வாத்தியாரின் காலடியில் கழித்தான். வெளியே போன எட்டாவது மாதம் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்து உள்ளே போனான். விழித்துக்கொண்ட வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். கடப்பாறையால் அவர் முதுகில் அடித்தான். அவருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் வேலை செய்யவில்லை.

மறுபடி அழைத்து வந்தபோது டியூப் ஆளே மாறியிருந்தான். கழுத்து தடித்திருந்தது. மேசைக்கு முன்னால் நின்று சிரித்தான்.

“மூணாம் பிளாக்தானே ஐயா? வழி தெரியும், நானே போய்க்கறேன்.”

கொத்துச்சாவிக்குப் பேனா ஓடவில்லை.

வாசலுக்கு வெளியே தபால்காரரின் மனைவி நின்றிருந்தாள். காவலர் உடுப்பைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, நீங்க உள்ளதான இருக்கீங்க? எனக்காக அவனை ஒரு அடி அடிங்க. நல்லா விழற மாதிரி ஒண்ணே ஒண்ணு.”

அவர் கையை விடுவித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

வீட்டில் மகளிடம் பெருமையாகத்தான் ஆரம்பித்தார். “மறுபடி வந்துட்டான்மா. இனி பன்னெண்டு வருஷம் அசைய முடியாது.”

மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். “அந்த நன்னடத்தை அதிகாரி மேடம் என்னை வந்து பாத்தாங்கப்பா. அவனை நேர்ல பாக்க சம்மதமான்னு கேட்டாங்க. சரின்னேன்.”

“எப்போ? என்கிட்ட சொல்லவே இல்லியே?”

“போன தடவை அவன் உள்ள இருந்தப்போ. சொன்னா விட்டிருப்பீங்களா? நீங்க வேலை பாக்கற இடம்னு மேடத்துகிட்டயும் நான் மூச்சு விடலை. மன்னிக்கறதுக்காக இல்ல. ரெண்டு வருஷம் தினமும் காலையில அவன் வந்து, நான் ஓட்டின வேனைக் கழுவணும். புது டிரைவர் ஏறி உக்காரறதை நான் பக்கத்துல நின்னு பாக்கறப்போ, என் மூஞ்சியை அவன் பாக்கணும். அப்படிக் கேட்டிருந்தேன். மேடமும் ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் ஏதோ பிளேடு கிடைச்சுதுன்னு எல்லாம் நின்னு போச்சு.”

மகள் முழுத் தலையையும் திருப்பி அவரைப் பார்த்தாள்.

“அப்பா. அந்த பிளேடு எங்கேர்ந்து வந்துச்சு?”

அவர் சொன்னார்.

“கண்ணு போனது எனக்கு. பழி வாங்க வேண்டியவ நான். அதையும் நீங்களே தின்னு ஏப்பம் விட்டுட்டீங்க. இப்போ ஒரு பெரியவர் படுத்த படுக்கையா கிடக்கறாரு.” அவள் குரல் உயரவே இல்லை. “எழுதிக் குடுங்க. அது வரைக்கும் என்கிட்ட பேசாதீங்க.”

பத்தொன்பது நாள் அவள் பேசவில்லை. சமைத்து வைத்தாள், துணி மடித்து வைத்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபதாம் நாள் அவர் எல்லாவற்றையும் எழுதி மேலதிகாரி மேசையில் வைத்தார். பிளேடு, மூன்றாம் பிளாக், திருப்பி அனுப்பிய தாய், எதையும் விடவில்லை. விசாரணை நடந்தது. ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது வேலை போயிற்று.

விசாரணை விவரம் தபால்காரர் வீட்டுக்கும் எட்டியது. ஒருநாள் அந்த அம்மாள் நேராக வந்து வாசலில் நின்றாள். அவர் கைகூப்பினார்.

“கையை இறக்குங்க. உங்க மேலயும் கேஸ் போடலாம்னு வக்கீல் சொல்றாரு. உள்ள போட்டா எனக்கு என்ன ஆகப் போகுது? நீங்க அங்க மூணு வேளை தின்னுட்டுத் தூங்குவீங்க. இங்க அவரைத் தூக்கி உக்கார வைக்க எனக்குத் தெம்பில்ல. தினமும் காலையில ஆறு மணிக்கு வரணும். தூக்கணும், கழுவணும், குளிப்பாட்டணும். அவரு கண்ணைப் பாத்துக்கிட்டே செய்யணும்.”

“வரேன்மா. என்னை...”

“மன்னிப்புன்னு வாயைத் திறந்தீங்க, செருப்பு பிஞ்சுடும். ஆறு மணி.”

இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார். அந்த அம்மாள் இதுவரை அவரை உட்காரச் சொன்னதில்லை. தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. தபால்காரர் முதல் மாதம் முழுக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியே வைத்திருந்தார். இப்போது, “இடது பக்கம் வலிக்குது, மெதுவா” என்கிற அளவுக்குப் பேசுகிறார்.

மகள் சிறைக்குப் போய் டியூப்பைப் பார்த்தாள், ஒரே ஒரு முறை. என்ன பேசினாய் என்று அவர் கேட்டதற்கு, “அது எனக்கும் அவனுக்கும்” என்றாள்.

டியூப் மேல் அவருக்கு ஆத்திரம் தீரவில்லை. மகள் சாலையைக் கடக்கும்போது தலையை முழுதாகத் திருப்பிப் பார்ப்பதைக் கண்டால், இன்றைக்கும் அவர் கை தானாக இறுகுகிறது. அந்தக் கையோடுதான் மறுநாள் விடிந்ததும் தபால்காரரின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்குகிறார்.